பரிசு பெற்ற பேக்கரியும் குரங்கணி ஜீப்பும்

போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டில் குரங்கணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து ஸீட் பெரியவர் என் மடியில் இருந்ததை உற்றுப் பார்த்தார். டேப் ரெக்கார்டர். இருபது வருஷமாகப் பரணில் கிடந்து, துடைத்து எடுத்து வந்தது.

"ரிப்பேருக்குக் கொண்டு போறீகளா?"

"இல்லீங்க. குரங்கணியில ஒருத்தர்கிட்ட ஒரு கடன் பாக்கி. கொடுக்கப் போறேன்."

"இந்தப் பொட்டியவா?"

"பாட்டை."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் முந்தல் வரைக்கும் என்னைப் பார்க்கவேயில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நாற்பது வருஷமாக எல்லோரும் என்னிடம் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு ஸார். சிகரெட், சீட்டு, குதிரை எதுவும் இல்லை. இத்தாலிய ப்ரோக்ரஸிவ் ராக். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு ஏதும் பழக்கம்..." என்று அவர்கள் இழுத்தபோது, "சேச்சே! பாட்டு மட்டும் கேட்பான்" என்று என் அம்மா சொல்லிவிட்டாள். டி.எம்.எஸ்., பி.பி.ஸ்ரீனிவாஸ் என்று நினைத்து அவர்களும் சரி சொல்லிவிட்டார்கள். கல்யாணமான மூன்றாம் நாள் உண்மை தெரிந்துவிட்டது. "இந்த ஆளை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டாள் தர்மபத்தினி. அவள் சொன்ன ஆள் தெமேத்ரியோ ஸ்ட்ராத்தோஸ். எகிப்தில் பிறந்த கிரேக்கர், மிலானில் 'ஆரேயா' என்ற குழுவில் பாடியவர். மனிதத் தொண்டையால் என்னென்ன செய்ய முடியும் என்பதை ஆராய்ச்சியாகவே செய்தவர். நிஜமாகவே ஆஸ்பத்திரியில்தான், 1979-ல், முப்பத்து நாலு வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் வைத்தியச் செலவுக்காக மிலானில் ஏற்பாடு செய்திருந்த கச்சேரி, அஞ்சலிக் கச்சேரியாக நடந்தது. இதைச் சொன்னதும் என் மனைவி வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் பாட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டில் தடை கிடையாது.

இது என்ன சங்கீதம் என்று கேட்கிறீர்களா? சுருக்கமாகச் சொல்கிறேன், ஓடிவிடாதீர்கள். ராக் பாட்டு என்றால் மூன்று நிமிஷம், ஒரு கிடார், ஒரு டிரம்ஸ், ஒரு காதல் தோல்வி. அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு இது போதவில்லை. பாட்டை இருபது நிமிஷத்துக்கு இழுத்தார்கள். நடுவில் தாளத்தை மாற்றினார்கள். பாக், பார்டோக் எல்லோரையும் உள்ளே இழுத்து வந்தார்கள். இது இத்தாலிக்குப் போனதும் அந்த ஊர்ப் பையன்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஜெனிஸிஸ் என்ற இங்கிலீஷ் குழுவுக்குச் சொந்த ஊரில் கூட்டம் சேரும் முன்பே இத்தாலியில் சேர்ந்தது. அப்புறம் அவர்களே ஆரம்பித்தார்கள். அவர்களிடம் ஏற்கனவே ஆபரா இருந்தது, சர்ச் ஆர்கன் இருந்தது, கிராமத்துத் திருவிழா ஆட்டம் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டினார்கள். 1971-லிருந்து ஒரு நாலைந்து வருஷம், அவ்வளவுதான். அந்த நாலைந்து வருஷத்தைத்தான் நான் நாற்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெயர்கள் இன்னும் விசேஷம். மிலான் குழு ஒன்றுக்குப் பெயர் 'ப்ரெமியாட்டா ஃபோர்னெரியா மார்கோனி'. ஃபோர்னெரியா என்றால் ரொட்டிக்கடை. மார்கோனி பேக்கரி என்று ஓர் ஊரில் இருந்த கடையின் பெயரை எடுத்து, முன்னால் 'பரிசு பெற்ற' என்று ஒட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் 'ஒரிஜினல் ஐயங்கார் பேக்கரி' என்று இசைக்குழு ஆரம்பிப்பதைப் போல! ரோமாபுரிக் குழு ஒன்றுக்குப் பெயர் 'பாங்கோ தெல் மூத்துவோ சொக்கோர்ஸோ'. பரஸ்பர சகாய வங்கி. 1972-ல் வந்த அவர்கள் முதல் இசைத்தட்டின் உறை, மண் உண்டியல் வடிவத்தில் வெட்டப்பட்டிருந்தது. வங்கி குமாஸ்தாவான எனக்கு இதைவிட என்ன வேண்டும்? அதில் பாடிய ஃப்ரான்செஸ்கோ தி ஜாக்கோமோ, பெரிய தாடி, பெரிய தொப்பை, அதற்குள்ளிருந்து தங்கக் கம்பி மாதிரி குரல். 2014-ல் கார் விபத்தில் இறந்தார். நான் ஒருநாள் லீவு போட்டேன். காரணம் என்ற இடத்தில் 'நெருங்கிய உறவினர் மரணம்' என்று எழுதினேன். மேனேஜர் துக்கம் விசாரித்தார். "வயசானவரா?" "அறுபத்தாறு." "எந்த ஊர்?" "ரோம் பக்கம்." அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

முந்தலில் ரோடு பிரிகிறது. ஒன்று போடிமெட்டுக்கு ஏறி மூணாறு போகிறது. நாங்கள் மற்றதில். மாந்தோப்பு, இலவ மரம், தென்னை, கூடவே கொட்டகுடி ஆறு. பஸ் முனகிக்கொண்டே ஏறுகிறது. எதிரே மூன்று பக்கமும் மலை, ஏதோ வேலை இருக்கிற மாதிரி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இந்த ரோட்டை நான் முதலில் பார்த்தது 1985-ல். இருபத்து மூன்று வயது, புது வேலை, போடி கிளையில் போஸ்ட்டிங். ஊர் முழுக்க ஏலக்காய் மணக்கும். முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் வாரம் காப்பி, சாம்பார், ரூபாய் நோட்டு எல்லாம் ஏலக்காய் வாசனை அடித்தது. மூன்றாம் வாரம் மூக்கு மரத்துவிட்டது.

எங்கள் கிளையில் ஜீப் லோன் வாங்கியிருந்த ஒருவர், தவணை கட்ட வரும்போது என் கவுன்ட்டருக்குத்தான் வருவார். குரங்கணிக்காரர். என்னைவிடப் பத்து, பன்னிரண்டு வயது மூத்தவர். காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறுவார், சாயங்காலம் இறக்குவார். ஜீப்பில் டேப் டெக் வைத்திருந்தார். லோன் விண்ணப்பத்தில் அது இல்லை. "அதை எழுதிராதீக தம்பி" என்றார். நான் எழுதவில்லை. அப்படித்தான் சிநேகம் ஆரம்பித்தது. நான் அவருக்கு 'பேங்க் தம்பி', அவர் எனக்கு 'அண்ணே'. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் சாப்பாடு, அப்புறம் மலை.

குரங்கணியிலிருந்து மேலே நடந்தால் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' என்று ஓர் ஊர் வரும். ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை, போர்ட்டர் இல்லை. முதல் தடவை கேட்டபோது அண்ணன் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். விஷயம் இதுதான். மூணாறு வெள்ளைக்காரர்கள் தேயிலையை வெளியே கொண்டுபோக வழி தேடினார்கள். 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி இழுத்தார்கள். 1908-ல் அதையே சின்ன ரயிலாக மாற்றினார்கள். அது டாப் ஸ்டேஷன் வரை வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டு, நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே கொட்டகுடி என்று இறக்குவார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, அப்புறம் துறைமுகம், கப்பல், லண்டன். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர்கள் மட்டும் மலையில் மாட்டிக்கொண்டன.

தேயிலை இறங்கிய அதே வழியில்தான் என் வியாதி ஏறிவந்தது என்பது என் சொந்த ஆராய்ச்சி. என் சித்தப்பா மகன் சரக்குக் கப்பலில் இருந்தான். 1987-ல் தூத்துக்குடியில் இறங்கி, லீவில் என்னைப் பார்க்கப் போடிக்கு வந்தான். ஜெனோவா துறைமுகத்தில் ஒரு மாலுமி கொடுத்தான் என்று ஒரு கேஸட்டைக் காட்டினான். ஒரு பக்கம் 'பெர் உன் அமீகோ' என்று பேனாவால் எழுதியிருந்தது. அதற்கு முன் இங்கிலீஷ் குழுக்கள் ஒன்றிரண்டு கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். சும்மா போட்டுப் பார்த்தேன். புல்லாங்குழல், கிடார், திடீரென்று ஆர்கன், அப்புறம் யாரோ கதவை உதைத்துத் திறந்த மாதிரி டிரம்ஸ், அதற்குள் மறுபடி ஒரு தாலாட்டு. ஒரு வார்த்தை புரியவில்லை. நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஏன் சாத்தினேன் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலையில் அவன் கிளம்ப வேண்டும். கேஸட்டைத் தரமாட்டேன் என்றுவிட்டான். "வேணும்னா காப்பி பண்ணிக்கோ." சக குமாஸ்தா ஒருவன் அறையில் டபுள் டெக் இருந்தது. காலி கேஸட்டுக்கு எங்கே போக? ராத்திரி ஒன்பது மணி. கடை சாத்திவிட்டார்கள். மாதக் கடைசி வேறு, கடை திறந்திருந்தாலும் பையில் பணம் இல்லை. மேஜையில் ஒரு தொண்ணூறு நிமிஷக் கேஸட் இருந்தது. ஜீப் அண்ணன் கொடுத்தது.

அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் இரண்டு மாதம் முன்பு அதை என் கையில் திணித்து, "பி சைடைக் கேளுங்க தம்பி. நம்ம பண்ணைப்புரத்து ராசா பண்ணிருக்காரு. பாட்டே கெடையாது, வெறும் வாத்தியம். கேட்டா உங்க இங்கிலீஷ்காரன்லாம் என்னத்துக்கு ஆவான்!" என்றார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-ல் வந்தது. நான் கேட்கவேயில்லை. இருபத்தைந்து வயதில் எனக்கு இருந்த மண்டைக்கனம் அப்படி. சினிமாக்காரர் என்ன பெரிதாகச் செய்துவிட முடியும்? பண்ணைப்புரம் போடியிலிருந்து தேவாரம் வழியாக பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். என் லட்சியமெல்லாம் ஜெனோவா.

கேஸட்டின் முதுகில் இரண்டு ஓரமும் சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் பதிவு செய்ய முடியாது. அழிக்காதே என்று அர்த்தம். பி சைடை அழித்தால் அண்ணன் கோபிப்பார் என்று ஏ சைடைத் திருப்பினேன். ஏ சைடில் காது உடைந்திருந்தது. மேலே ஒன்றும் எழுதவில்லை. போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உடைந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும். ஒட்டினேன். நான்தான் ஒட்டினேன், வேறு யாருமில்லை.

அடுத்த ஞாயிறு, ஜீப்பில் அந்தக் கேஸட்டைப் பெருமையாகப் போட்டேன். பின்னால் ஏலத்தோட்டத்துப் பெண்கள் பதினைந்து பேர். "என்னண்ணே, வண்டி சத்தமா, பாட்டு சத்தமா?" என்று ஒரு அக்கா கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பத்து நிமிஷம் கேட்டார். ஓரமாக ஜீப்பை நிறுத்திக் கேஸட்டை வெளியே எடுத்தார். திருப்பிப் பார்த்தார். செல்லோடேப்பை விரலால் தடவினார்.

"ஏ சைடுல எங்கப்பா பாடிருந்தாரு தம்பி."

அவர் அப்பா ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தவர். காட்டில் பாடுவார், மேடையில் கேட்ட பாட்டைத் திருப்பிப் பாடுவார். பாவலர் வரதராஜன் தம்பிகளோடு தோட்டம் தோட்டமாக வந்து கம்யூனிஸ்ட் மேடையில் பாடிய காலத்தில், பல மைல் நடந்துபோய்க் கேட்டவர். சாவதற்கு ஒரு வருஷம் முன்னால் அண்ணன் வற்புறுத்திப் பாட வைத்துப் பதிவு செய்த ஒரே கேஸட் அது. அவர் போட்டோகூட ஒன்றுதான் இருந்தது.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேஸட்டை என்னிடமே கொடுத்து, "நீங்களே வச்சுக்கங்க" என்றார். வண்டியை எடுத்தார். பின்னால் பெண்களும் பேசவில்லை. அடுத்த மாதத்திலிருந்து தவணை கட்ட வேறு கவுன்ட்டருக்குப் போனார். மறு வருஷம் எனக்கு டில்லிக்கு மாற்றல்.

டில்லியில் தரியாகஞ்ச் நடைபாதைப் புத்தகக் கடையில் ஒரு பழைய இத்தாலிய அகராதி வாங்கினேன். முதலில் தேடிப் பார்த்தது அந்தத் தலைப்பைத்தான். 'பெர் உன் அமீகோ' என்றால் 'ஒரு நண்பனுக்காக'. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

அன்றைக்குத்தான் கேஸட்டைத் திருப்பி பி சைடைப் போட்டேன். அண்ணன் கேட்கச் சொல்லி ஒன்றரை வருஷம் கழித்து.

அதைப் பற்றி என்ன சொல்ல? இளையராஜா அந்த ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்திருக்கிறார். வி.எஸ்.நரசிம்மனின் வயலின். ஒரு பகுதிக்கு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று பெயர். பாக்கின் வயலின் பகுதி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்போது நம் ராகம் பக்கத்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு பேரும் சண்டை போடவில்லை, வழிவிட்டு உபசாரமும் செய்யவில்லை. பேசிக்கொள்கிறார்கள். நான் கடல் தாண்டித் தேடிக்கொண்டிருந்த அதே வேலை!

1971-ல் ஜெனோவாக்காரர்கள் 'நியூ ட்ரோல்ஸ்' ஒரு இசைத்தட்டு போட்டார்கள், 'கொன்செர்த்தோ க்ரோஸோ'. விவால்டி காலத்து பாணியில் வயலின் கூட்டம் ஒரு பக்கம், எலெக்ட்ரிக் கிடார் ஒரு பக்கம். நான் அதைக் கோயிலில் வைத்துக் கும்பிடாத குறை. அந்த வயலின் பகுதியை எழுதியவர் யார் தெரியுமா? லூயிஸ் பகாலோவ். சினிமா இசையமைப்பாளர்! எழுதியதும் ஒரு சினிமாவுக்காகத்தான். ரோமில் சினிமாக்காரர் செய்தால் கலை, கோடம்பாக்கத்தில் செய்தால் சினிமாப் பாட்டு என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. எழுபதுகளில் இந்த இத்தாலியக் குழுக்கள் ஊர் ஊராக வாசித்த இடங்களில் முக்கியமானது, 'ஃபெஸ்தா தெல் ஊனிதா' என்று கம்யூனிஸ்ட் கட்சி நடத்திய திருவிழாக்கள். சோறு, ஒயின், அரசியல் பேச்சு, அப்புறம் பதினெட்டு நிமிஷப் பாட்டு. ஆரேயா குழு சர்வதேச கீதத்தையே தன் பாணியில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டது. இங்கே, இந்த மலைக்கு அந்தப் பக்கம், 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாவலர் வரதராஜன் பாடினார். அவர் கூட ஆர்மோனியம், தபலா என்று அலைந்த சின்னத் தம்பிதான் பிற்பாடு பாக்கை வீட்டுக்கு அழைத்தது. மேடை ஒன்றுதான். அங்கே திறந்தவெளியில் பத்தாயிரம் வாட், இங்கே பெட்ரோமாக்ஸ்.

2004-ல் இளையராஜா இத்தாலிக்கே போனார். மோதனா நகரத்து தியேட்டரில், ஆஞ்செலிகா என்ற சர்வதேச இசைவிழாவில் கச்சேரி. மோதனா, சிவப்புக் கட்சிக்கு அசைக்க முடியாத கோட்டையாக இருந்த பிரதேசத்து ஊர். செய்தி படித்ததும் ஜீப் அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதினேன். பழைய விலாசம். பதில் இல்லை. போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை. இன்னொன்று எழுதத் தைரியம் வரவில்லை.

2018 மார்ச் 11-ம் தேதி டி.வி.யில் 'குரங்கணி' என்று ஓடியது. மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். இருபத்து மூன்று பேர் இறந்துபோனார்கள், பாதிக்குமேல் இளவயசுக்காரர்கள். நான் ராத்திரி முழுக்க டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த முகம் ஒன்று வருமா என்று பார்த்தேன். வரவில்லை. அன்றைக்காவது விசாரித்திருக்க வேண்டும். செய்யவில்லை.

ரிட்டயர் ஆனபின் என் மகள் ஒரு கருவி வாங்கிக் கொடுத்தாள். கேஸட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது. "அந்தக் குப்பையெல்லாம் இதுல போட்டுட்டுப் பெட்டியைக் காலி பண்ணுங்கப்பா." போன ஆவணியில் அந்தக் கேஸட்டின் முறை வந்தது. ஓடவிட்டுவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டேன். வழியில் பழைய சகா ஒருவர் பிடித்துக்கொண்டார், பென்ஷன் விஷயம். திரும்பி வந்தால் மனைவி வாசலிலேயே நிற்கிறாள்.

"உங்க பாட்டுல யாரோ பெரியவர் இருமறார். தமிழ்ல!"

எனக்குக் கை நடுங்கியது. கணக்கு மிகச் சுலபம். முப்பத்தேழு வருஷமாக ஒரு வங்கிக்காரனுக்கு உறைக்கவில்லை. தொண்ணூறு நிமிஷக் கேஸட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து. 'பெர் உன் அமீகோ' முப்பத்து நாலு நிமிஷம். அது முடிந்ததும் நான் எப்போதும் ஸ்டாப் பட்டனை அமுக்கிவிடுவேன். அதற்குப் பின்னால் இருந்தது அழியவேயில்லை. பாட்டின் கடைசிப் பகுதி, கொஞ்சம் பேச்சு. மொத்தம் நாலு நிமிஷம் சொச்சம்.

போடி கிளையில் பியூனாக இருந்தவரைப் பிடித்து விசாரித்தேன். "இருக்காரு ஸார், நல்லாத்தான் இருக்காரு. காதுதான் கொஞ்சம் மந்தம்" என்றார். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய போடி ரயில், 2023 ஜூனில் மறுபடி வந்துவிட்டது. டிக்கெட் எடுத்துவிட்டேன்.

குரங்கணியில் இறங்கினால் காற்று மட்டும் அப்படியே இருக்கிறது. வனத்துறை செக்போஸ்ட் இருக்கிறது. அனுமதி இல்லாமல் மலையேற முடியாது. 'மைனா' படம் எடுத்த இடம் இது என்று ஒரு பையன் எனக்கு வழிகாட்டியாக வரப் பார்த்தான். அண்ணன் வீட்டைக் கேட்டதும், "ஜீப் தாத்தாவா?" என்று அழைத்துப்போனான். ஜீப் கிடையாது, விற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறதாம். பெயர் மட்டும், அந்த சென்ட்ரல் ஸ்டேஷன் மாதிரி.

திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தலை முழு வெள்ளை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பேங்க் தம்பியா?"

"ஆமாண்ணே."

"தவணையெல்லாம் கட்டிட்டேனப்பா!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்து, கேஸட்டைப் போட்டு, சரியான இடத்துக்கு ஓட்டி நிறுத்தினேன்.

"நீங்களே அமுக்குங்கண்ணே."

அமுக்கினார். தலையைச் சாய்த்து ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டார். இரைச்சல். அப்புறம் கிழக்குரல் ஒன்று, சுருதி சுத்தமாக, மூச்சு வாங்கி வாங்கி, ஒரு பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. முடிந்தது. இருமல். கொஞ்சம் மௌனம். பிறகு அதே குரல், அதட்டலாக:

"நிறுத்துடா. கட்டை தீந்துரப் போகுது. நாளைக்கு நியூஸ் கேக்க வேணாமா?"

டக். அவ்வளவுதான்.

அண்ணன் குலுங்கிச் சிரித்தார். "எப்பப் பாரு பேட்டரிக் கட்டைக் கணக்குத்தான் மனுசனுக்கு!" சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். உள்ளே பார்த்து, "ஏ, இங்க வாங்க எல்லாரும், பூட்டன் திட்டுறாரு!" என்று கூப்பிட்டார். மகன், மருமகள், பேத்தி எல்லோரும் வந்தார்கள். நாலு முறை போட்டார்கள். பேத்தி செல்போனில் பிடித்துக்கொண்டாள். அவள் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவையாம், பூட்டன் என்றால் அவளுக்கு அந்த ஒற்றைப் போட்டோதான்.

நான் மெதுவாக, "மீதியைத் திருப்பிக் கொடுக்க முடியாதுண்ணே. முப்பத்து நாலு நிமிஷம் போனது போனதுதான்" என்றேன்.

அவர் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. கேஸட்டை எடுத்து, பழுத்துப்போன அந்தச் செல்லோடேப்பை நகத்தால் சுரண்டிப் பிய்த்து எறிந்தார். மறுபடி உள்ளே போட்டார்.

"முதல்லருந்து விடுங்க தம்பி."

"அது அந்த இத்தாலிக்காரன் பாட்டுண்ணே. முப்பத்து நாலு நிமிஷம் ஓடும்."

"ஓடட்டும். எங்கப்பனுக்கு மேல ஏறி உக்காந்தவன் யாருன்னு அன்னிக்கிச் சரியாக் கேக்கல."

ஓடவிட்டேன். மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள், ஏலக்காய் போட்டு. புல்லாங்குழல் வந்தது, ஆர்கன் வந்தது. டிரம்ஸ் வந்தபோது முற்றத்துக் கோழி ஓடியது. அண்ணன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். தாளம் மாறியபோது கை தடுமாறி நின்றது. மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்றாவது பாட்டில் வயலின் வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தார்.

"யாரு தம்பி இவன்? பேரென்ன?"

"பகானிண்ணே. மௌரோ பகானி."

"பகானி..." என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பய நல்லாத்தான் இழுக்குறான். டீயக் குடிங்க, ஆறுது."